காலி வீதிப் பக்கக் கம்பி

“வியாழன், காலை 6.40. கடற்காற்று பலம். கோபுரத்தின் காலி வீதிப் பக்கக் கம்பி தளர்ந்து தொங்குகிறது. இறுக்கினேன்.”

என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. கம்பியின் அடியிலுள்ள திருகை எத்தனை சுற்று இறுக்கினேன் என்பது இல்லை.

வெள்ளவத்தையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், தென்னையைவிட உயரமான அலைபரப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஒல்லியான இரும்புக் கம்பம். நான்கு கம்பிகள் நான்கு பக்கமும் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன; ஒன்று கடற்பக்கம், அதற்கு நேரெதிரே காலி வீதி என்னும் பெருந்தெருவின் பக்கம் இன்னொன்று. நேர் கீழே எங்கள் வீடு. இடுப்பெலும்பு முறிந்த அக்கா அங்கே படுத்திருக்கிறாள். லிஃப்ட் கிடையாது; அவளை அசைக்கவே கூடாது என்பது வைத்தியரின் கட்டளை.

போன மாதம் ஒரு மாலை அவளுடைய கட்டில் இலேசாக அதிர்ந்தது. அன்றிலிருந்து, கம்பி கட்டிய கோபுரங்கள் பற்றிய ஒரு புத்தகத்தில் நிலநடுக்க அத்தியாயத்தை வாசித்தேன். நிலம் குலுங்கும்போது கம்பி தளரும், பிறகு வெடுக்கென்று இழுபடும், அந்த இழுப்பில் அறுந்தும் போகலாம். தளர்ந்த கம்பி என்றாலே ஆபத்து என்று மனதில் பதிந்துவிட்டது. காற்றைப் பற்றிய அத்தியாயத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வந்தேன். கடலிலிருந்து காற்று அடித்தால் கடற்பக்கக் கம்பி விறைக்கும், எதிர்ப்பக்கம் தளரும், அது இயல்பு என்று அதில் இருந்தது.

மேலே ஓடினேன். கம்பம் காலி வீதிப் பக்கம் வளைந்திருந்தது.

கோபுர நிறுவனத்துக்குச் சொன்னேன்; அவர்கள் இன்று, சனி காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தொழிலாளியை அனுப்பினார்கள்.

“எத்தின சுத்து சுத்தினீங்க ஐயா?”

“ஏழு. ஒன்பதாயும் இருக்கலாம்.”

“ஐயோ, ஏதாவது ஒன்ன சொல்லுங்க. கணக்குத் தெரிஞ்சா அப்பிடியே திருப்பி விட்டுடலாம். குத்துமதிப்பா விட்டா மத்தப் பக்கம் இழுத்துடும். கம்பியோட இழுவைய அளக்கிற மீட்டர் வத்தளை ஸ்டோர்ல. திங்கட்கிழமதான் திறப்பாங்க.”

“அதுக்குள்ள காத்து கூடுமாம்.”

“ஓம், ரேடியோல நானும் கேட்டன்,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. “பஸ் டிக்கட்டுக்கும் திகதி போட்டு வைக்கிற ஆள் நீ. இதை மட்டும் எழுதேல்லையோ?” சிரித்தாள். பிறகு மெதுவாக, “கட்டிலைச் சுவரோட தள்ளிவிடு, தம்பி,” என்றாள். அவள் அசையாதபடி, அங்குலம் அங்குலமாகத் தள்ளினேன். கம்பம் விழுந்தால் எந்தச் சுவரும் ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும்.

சனி, பிற்பகல் 3.15. கடற்பக்கக் கம்பி இரைவது இங்கே கேட்கிறது. திருகைப் பிடித்ததுபோல வெறுங்கையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறேன், கைக்கும் நினைவில்லை.

இறுக்கிய சுற்றுகள்: ஏழு அல்லது ஒன்பது. உறுதிப்படுத்தப்படவில்லை.