மஞ்சள் வராத குழாய்

எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் ஜெபீனா முதலில் கேட்பது ஒன்றுதான். "இதுல கடைசிக் குழாய் எதுங்க?"

மேஸ்திரிகள் சிரிப்பார்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தவள் தொட்டியில் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? அவள் போக மாட்டாள். தொட்டியிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கும் குழாயைத் தேடிப் போவாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டு விடுவாள். மஞ்சளானால் குளோரின் மிச்சம் இருக்கிறது, குடிக்கலாம். நிறம் மாறாவிட்டால், வரும் வழியில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

"தொட்டியில பாத்தா தொட்டிதான் நல்லா இருக்கும். தொட்டியிலயா வாய வெச்சுக் குடிக்கப் போறாங்க?" என்பாள்.

நாற்பத்தொரு வயது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் பிளாஸ்டிக் குடம் விற்ற அக்பர் அலியின் மகள். கணவர் அன்சர் லாரி ஓட்டுகிறார், மற்றதெல்லாம் இவள் பொறுப்பு. போர் போடாத கட்டிடம், மோட்டார் எரிந்துபோன கல்யாண மண்டபம், கொதிகலனுக்குத் தண்ணீர் இல்லாமல் நின்றுபோன அரிசி ஆலை என்று நாலு நாளுக்கோ நாலு மாதத்துக்கோ தண்ணீர் தேவைப்படுகிற இடங்களிலிருந்து அவளுக்குத்தான் போன் வரும். கட்டிடத்துக்கு ஒரு லாரி, குடிக்க ஒரு லாரி. இதன் ஓஸ் பைப்பை அதில் மாட்டினால் மாட்டியவன் அன்றோடு வேலையை விட்டுப் போக வேண்டியதுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கறார் எல்லாம் கிடையாது. இருந்தது ஒரே லாரி. காலையில் சுவர் நனைக்க ஏரித் தண்ணீர், மாலையில் அதே லாரியில் விசேஷ வீட்டுக்குக் குடிதண்ணீர். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வளைகாப்பில் அறுபது பேர் வாந்தி எடுத்துப் படுத்தார்கள். மறுநாள் காலை இவர்கள் வீட்டு வாசலில் கூட்டம். அன்சர் பின்பக்கமாகப் போய்விடலாம் என்றார். ஜெபீனா முன்கதவைத் திறந்து, "எங்க லாரித் தண்ணிதாங்க" என்றாள். ஆறு மாதம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்த ஆறு மாதத்தில்தான் எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் என்று படித்துத் தேறினாள்.

இந்த ஜூனில் கல்வராயன் மலையில் ஒரு மாணவியர் விடுதி திறக்கவிருந்தது. நூற்றிருபது பெண் பிள்ளைகள். ஆழ்துளைக் கிணறு தயார், அதற்கு மின்சாரம்தான் வரவில்லை. அது வரும்வரை லாரித் தண்ணீர். கொண்டுவருவது, சுத்தம் செய்வது, குடிக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போடுவது எல்லாம் ஜெபீனா பொறுப்பு. கட்டிடத்தை எடுத்துக் கட்டிய காண்ட்ராக்டர் தனசேகரன் மாவட்டத்தில் பாதிக் கட்டிடங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்பவர். உண்மையில் பாதி வேலை அவர் கையில்தான் இருந்தது.

விழா காலை பதினொன்றுக்கு. முந்தின நாளே மாடித் தொட்டியை நிரப்பி மருந்து கலந்துவிட்டுப் போயிருந்தார்கள். விழா அன்று காலை ஏழரைக்கெல்லாம் இன்னொரு லாரித் தண்ணீரோடு மலையேறினார்கள். பாதி டேங்க் தண்ணீரோடு மலையேறக் கூடாது, வளைவுகளில் தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளிவிடும். முழு டேங்கோடு கச்சிராயபாளையம் தாண்டி, முதல் கியரில் முனகிக்கொண்டு வந்து சேர்ந்தது லாரி.

கடைசிக் குழாய் இரண்டாம் மாடி மூலையில், கை கழுவும் இடத்தில் இருந்தது. ஜெபீனா தண்ணீர் பிடித்து மருந்து விட்டாள். ஐந்து நிமிஷம் ஆனது. குப்பி வெளுப்பாகவே இருந்தது.

"நேத்து தொட்டியில மஞ்சளா இருந்துச்சே, பாயம்மா" என்றான் ராஜேஷ். தனசேகரனின் சைட் இன்ஜினீயர்.

"தொட்டியில இப்பவும் இருக்குது. இங்க இல்ல. நடுவுல இன்னா இருக்குது, சொல்லு."

"பைப்பு இருக்குது."

"பைப்புல?"

"தண்ணி."

"நல்லாப் படிச்சிருக்க, தம்பி."

ராஜேஷ் கீழே போனான். கால் மணி நேரத்தில் திரும்பியபோது சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. "ரெண்டு பக்கெட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தொட்டியில ஊத்திட்டேன். இப்ப மோந்து பாருங்க. நாத்தம் கொடலப் புடுங்குது."

"எந்த மூட்டை?"

"கொட்டாயில இருந்தது."

"பொங்கலப்போ பிரிச்ச மூட்டையா? வாய தொறந்து வெச்ச மூட்டையில நாத்தம்தான் நிக்கும். வேலை செய்யாது." குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் வெளுப்பு.

நாற்றம் கேட்டு மாடியேறி வந்தாள் பெரியம்மாள். விடுதிச் சமையல்காரி, மலைக்காரி. "ஏம்மா, இந்த மருந்து நாத்தத்துல சோறாக்குனா எந்தப் புள்ள துன்னும்? ஓடைக்கு ஆளு அனுப்பறேன். பொறந்ததுலருந்து நாங்க அதத்தான் குடிச்சிக்கினு இருக்கறோம்."

"மூணு நாளா மழ பேஞ்சிருக்குது, மேல மாடு மேயுது. உங்க ஓடைய நான் கொற சொல்லலக்கா. செத்த பொறுங்க."

ஜெபீனா ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினாள். பைப் வாயில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மக்கைப் பிடித்துக்கொண்டு, சுவரோரப் பைப்பை நாலு தட்டுத் தட்டினாள். முதலில் நல்ல தண்ணீர் வந்தது. அடுத்த தட்டில் சிமென்ட் மணல். அதற்கடுத்து, பச்சையும் பழுப்புமாக, வழவழவென்று, நூல் நூலாக மக்கில் விழுந்தது.

"குட்டைத் தண்ணிப் பாசி" என்றாள். "செவுரு நனைக்க இந்தத் தொட்டியிலதான ஏத்துனீங்க?"

ராஜேஷ் தரையைப் பார்த்தான். "தனியா லைன் இழுக்க வாணாம்னு சார்தான் சொன்னாரு."

பெரியம்மாள் மக்குக்குள் விரலை விட்டு எடுத்து ராஜேஷிடம் காட்டினாள். "இதுலயா எங்க புள்ளைங்களுக்கு ஒல வெக்கச் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்?"

"பின்ன ஒங்க மொதலாளியா வந்து ஒல வெக்கிறாரு?"

ஜெபீனா மாடித் தொட்டியின் மெயின் வால்வை மூடினாள். கைப்பிடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். பலத்த குளோரின் தண்ணீரை எல்லாப் பைப்பிலும் நிரப்பி ஒரு நாள் நிறுத்த வேண்டும். பிறகு அலசி விட வேண்டும். மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் லாரி மேல் கட்டிக் கொண்டுவந்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்கை முற்றத்தில் இறக்கி, எட்டுக் குழாய் மாட்டி, புது லாரித் தண்ணீரை அதில் நிரப்பினார் அன்சர். எட்டாவது குழாயில் சோதித்தாள். நல்ல மஞ்சள். பெரியம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டே அரிசி களைய அண்டாவை நீட்டினாள்.

பத்தரைக்குத் தனசேகரன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். டேங்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மேடைக்கு முன்னாடி கறுப்பு டேங்கா? போட்டோவுல வுழும்மா."

"வுழட்டும் சார். புள்ளைங்களுக்குத் தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியணும்ல."

"ராஜேஷ் சொன்னான். விழா முடியட்டும், அப்புறமா கழுவிக்க. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

"ஒரே வேளையில அறுபது பேரு படுத்ததப் பாத்தவ நான்."

அவர் காகிதத்தை நீட்டினார். குடிக்கத் தகுந்தது என்று அச்சடித்திருந்தது. ஜெபீனா பேனாவை வாங்கி 'தகுந்தது' என்பதை அடித்து, 'தகுந்ததல்ல, நாளை மறுசோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தனசேகரன் அதைப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் மேளம் கேட்டது. விடுதியைத் திறந்துவைக்க வரும் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. தகரப் பெட்டிகளோடு வந்த பிள்ளைகள் ஏற்கனவே கறுப்பு டேங்கைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அம்மாளின் கண்ணில் முதலில் பட்டதே அந்த வரிசைதான்.

"புதுக் கட்டிடத்துல குழாய் இல்லையா?"

"இருக்குதுங்க மேடம். வெளியிலயும் ஒரு வசதிக்கு..." என்று தொடங்கினார் தனசேகரன்.

"குழாய் இருக்குதுங்க மேடம், குழாய்க்குள்ள பாசியும் இருக்குது" என்றாள் ஜெபீனா. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தொறக்க மாட்டேன். எழுதிக் குடுத்திருக்கேன். சார் பாக்கெட்டுல இருக்குது பாருங்க."

மேளக்காரர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். அதிகாரி கையை நீட்டினார். தனசேகரன் காகிதத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மாள் படித்துக்கொண்டே மேடைப் பக்கம் நடந்தார். தனசேகரன் ஜெபீனாவின் காதருகே குனிந்தார். "நாளையிலருந்து இந்த மாவட்டத்துல உனக்கு ஒரு சைட்டும் கெடையாது. அரிசி மில்லுக்கும் சொல்லிடுவேன்."

அவர் சொன்னால் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அன்சருக்கும் தெரியும். அவர் லாரியின் கதவைப் பிடித்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலருந்துதான? இன்னிக்கு இது என் சைட்டு" என்றாள் ஜெபீனா. "வழி வுடுங்க. தொட்டி காலி பண்ணணும்."

மாடிப்படி ஏறினாள். தொட்டியின் கழிவு வால்வு முன்பக்கம் பார்த்திருந்தது. அதன் வாய்க்கு நேர் கீழே வரவேற்பு வளைவு, பூத்தட்டு, தனசேகரனின் வெள்ளைக் கார். அவள் திறந்தாள். பன்னிரண்டாயிரம் லிட்டர், பிளீச்சிங் நாற்றத்தோடு, சிவப்புக் கம்பளத்தின் மேல் இறங்கியது.

கீழேயிருந்து ராஜேஷ், மூடு மூடு என்று இரண்டு கையையும் ஆட்டினான். ஜெபீனா வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்தாள்.