வறண்ட கிணற்றின் மே மாத அளவு

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் பாதி என் மேல்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆராய்ச்சி மாணவன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோர ஊர்க் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று மாதாமாதம் அளக்க வேண்டும். செங்கல்பட்டில் பஸ் ஏறிப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவேன். ஒரு மே மாதம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. போகவில்லை. அட்டவணையில் அந்த மாதத்துக் கட்டங்கள் காலியாக நின்றன.

"ஏப்ரலையும் ஜூனையும் கூட்டி ரெண்டால வகுத்துடுய்யா. அதான் மே. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு நிக்கிற?" என்றார் கைடு.

"அளக்கலையே சார்."

"அளந்திருந்தாலும் இதான் வந்திருக்கும்."

எங்கள் துறையில் அடுத்தவன் தீஸிஸைப் பார்த்து எழுதினால்தான் திருட்டு. காலிக் கட்டத்தை நிரப்புவதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று செல்லப்பேர். அது பித்தலாட்டம் என்று எனக்குத் தெரியாது என்றால் அதுவும் பொய். தெரியும். பட்டம் வேண்டும், எழுதினேன். அட்டவணையை, கோடையில் தண்ணீர் லாரி அனுப்பும் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்பினார் கைடு.

அடுத்த மே மாதம் தீஸிஸ் கொடுத்தாகிவிட்டது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. மாதாமாதம் எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த அக்காவுக்கு நன்றி சொல்ல ஸ்வீட் பாக்கெட்டோடு போனேன். அவர் கிணற்றடியில் காலிக் குடங்களோடு நின்றார். பாக்கெட்டைத் தொடவில்லை.

"லாரி கேட்டா, உங்க கெணத்துல மே மாசமும் நல்ல தண்ணி கீது, காலேஜ்ல அளந்து குட்த்துகிறாங்கன்றான் ஆபீசுல. போன மே மாசமும் இதே மாதிரி வறண்டுதான் கெடந்துச்சு. நீ வரவே இல்ல. இன்னாத்தப்பா அளந்த?"

நான் அம்மையைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் வாளியை உள்ளே விட்டார். அடியில் மணலில் டொக்கென்று இடித்தது. மேலே இழுத்து, வெறும் வாளியை என் காலடியில் வைத்தார்.

"இத்த அளந்து எழுது."

அங்கிருந்து நேரே கைடிடம் போய், அந்த ஊருக்கு லாரி வராததைச் சொல்லி, மே மாத அளவைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"திருத்தணும்னா தீஸிஸை வாபஸ் வாங்கு. பட்டம் போயிடும், அவங்களுக்கு லாரி வரும். உனக்கு எது வேணும்?"

படுபாவி, என்னிடமே கேட்டான். நான் தீஸிஸை வாபஸ் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கோடை முழுக்க அந்த ஊருக்கு லாரி வரவில்லை. என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று வந்தது.