பெட்டியைத் திருப்பிய நால்வர்

அலுவிகாரையில் ஒரு கடையின் ஜெனரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்தபோது எங்கள் தோட்டத்து மேரியக்கா போன் எடுத்தார். "உபதேசியார் போயிட்டாருப்பா. ஃபாதர் நாளைக்கு வர்றாராம்." படுக்கையில் கிடந்தவருக்குத் திருவிருந்து கொடுக்க மூன்று தடவை ஆள் அனுப்பியும் வராத குருவானவர், அடக்கத்துக்கு மட்டும் நேரத்துக்கு வந்தார்.

அருள்தாஸ் உபதேசியாரை உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யட்டவத்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தேவாலயத்துக்குக் குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளின் ஆராதனை, நோயாளி வீடு, அடக்கம் எல்லாம் உபதேசியார் தலையில். குருப்பட்டத்துக்கு இரண்டு முறை கேட்டார். முதலில் படிப்புப் போதாது என்றார்கள். படித்துவிட்டுப் போனார், வயது போய்விட்டது என்றார்கள். உதவிக்குருவாகக்கூட ஆக்கவில்லை. "திருவிருந்து குடுக்கிற கை எனக்கு இல்ல தம்பி. மண்ணு போடுற கைதான் குடுத்திருக்காங்க" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

முன்பொருமுறை மண்சரிந்து பாதை அடைபட்ட வாரம், தோட்டத்து லய வீட்டில் ராக்கேல் சாகக் கிடந்தாள். திருவிருந்து கேட்டாள். அப்பமும் ரசமும் அலுமாரியில் இருக்கு, எடுத்துக் கொடுங்க, யார் பார்க்கப்போறாங்க என்றேன். மறுத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை ஜெபித்தார். கேட்டது கிடைக்காமலே அவள் போனாள். வெளியே வந்து அவரை நன்றாக ஏசினேன். கேட்டுக்கொண்டு நின்றவர் சொன்னார்: "நான் ஒருக்கா குடுத்துட்டா சபை மேலிடத்துல உள்ளவங்களுக்கு நிம்மதி. பொறகு ஒரு ஃபாதரும் இந்த மலைக்கு ஏற மாட்டாரு. நம்ம சனத்தக் கைவிட்ருவாங்க." அது பிழை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பயந்தவன் சொன்ன பதில் இல்லை அது.

இறந்த சபையாரின் சவப்பெட்டியைக் கோவிலில் பீடத்தை நோக்கிக் கால் இருக்கும்படி வைப்பார்கள். குருவானவர் இறந்தால் மட்டும் தலை பீடத்தின் பக்கம். உயிரோடு நின்றது போலவே சபையைப் பார்த்தபடி. நாங்கள் நாலு பேர் பேசிவைத்து, உபதேசியாரை அப்படித்தான் வைத்தோம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. மேரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

குருவானவர் வாசலிலேயே நின்றுவிட்டார். யார் இப்படி வைத்தது, திருப்புங்கள் என்றார்.

"இத்தன வருஷமா எங்களப் பாத்துத்தானே ஃபாதர் நின்னாரு" என்றார் மேரியக்கா.

"அவர் குருவானவர் இல்லையேம்மா. திருப்பினாத்தான் ஆராதனை தொடங்குவேன்."

திருப்பினோம். தலைமாட்டுக் கைப்பிடி என் கையில் இருந்தது. சாகக் கிடந்தவள் வீட்டு வாசலில் நின்று உபதேசியாரை ஏசிய வாய், அந்தக் குருவானவரிடம் ஒரு சொல்லுக்குக்கூடத் திறக்கவில்லை.

உபதேசியார் சாகும்வரை சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தார். அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நாம். அன்று காலை நானும் கீழ்ப்படிந்தேன். என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வித்தியாசம் மட்டும்தான்.