விட்ஸ்கோ போட்ட பித்தளை போல்ட்

தீவில் விட்ஸ்கோவின் கை படாத படகு இஞ்சின் கிடையாது. அறுபத்திநாலு வயதில் நாற்பத்தாறு வருஷம் அடுத்தவர் படகுகளுக்குள் குனிந்தே கழிந்துவிட்டது. முதுகு கொஞ்சம் கூன், வாய் கொஞ்சம் நீளம். இஞ்சினைத் திறக்கும் முன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்த ஒன்பதைத்தான் ஊர் பேசும். பத்தாவதை அவரும் பேசமாட்டார், ஊரும் மரியாதைக்காக விட்டுவிடும்.

இந்தப் பேர் அவருக்குப் போர் நடந்த வருஷங்களில் வந்தது. அப்போது ஸ்ப்ளிட் துறைமுகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு கப்பல் வந்தாலே பெரிது. அதில் மாவும் மருந்தும் வரும், உதிரி பாகம் எங்கே வரும்? இஞ்சின் ஆயிலைக் குளிரவைக்கிற கூலருக்குள் ஓடுவது கடல்தண்ணீர். அது உலோகத்தை அரித்துத் தின்னும். உள்ளே இருக்கிற செம்புக் குழாய்களைத் தின்னாமல் இதைத் தின்னட்டும் என்று ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டி கிடைக்காமல் போனபோது விட்ஸ்கோ லேத்தில் பித்தளை போல்ட் கடைந்து அந்த ஓட்டையை அடைத்தார். படகுகள் ஓடின. சண்டை ஓய்ந்து துத்தநாகம் தாராளமாகக் கிடைத்த பிறகும், "உன் போல்ட்டையே போடுப்பா, அது ஆயுசுக்கும் தேயாது" என்று ஆட்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவரும் போட்டார். புகழ்ச்சி கசக்கவா செய்யும்?

கட்டி தேயவில்லை என்றால் வேறு ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு கூலர்கள் பொத்துக்கொண்ட பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலைக்கு வரும் படகுகளில் சத்தமில்லாமல் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துத்தநாகம் போட்டார். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று என்றுதான் நினைத்திருந்தார்.

இந்த ஏப்ரலில் லோவ்ரே தன் படகைத் தண்ணீரில் இறக்கினார். லோவ்ரேயும் விட்ஸ்கோவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறு வருஷமாகக் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகு அது. கோடையில் வெளியூர்க்காரர்களைச் சுற்றிக்காட்ட மருமகன் கேட்டான் என்றுதான் எடுத்தார். விட்ஸ்கோ பேரிங்கை மாற்றி, புது ஆயில் ஊற்றி, துறையில் கட்டியபடியே இஞ்சினை ஓட்டிப் பார்த்தார். பின்பக்கம் இஞ்சின் தண்ணீர் விழுகிற இடத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவியது.

"என்னடா, கடலுக்கும் சேர்த்து ஆயில் மாத்துறியா?" என்றார் லோவ்ரே.

"கூலர் ஒழுகுது. கழட்டி எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் பேசுவோம்."

பட்டறையில் கூலரின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தில் சைக்கிள் பம்பைச் செருகி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தார். குழாய்க் கட்டுக்குள்ளிருந்து குமிழி வரிசையாக வந்தது. இரண்டு குழாய்கள் போயிருந்தன. அரிப்பு எத்தனை தூரம் என்று பார்க்கத் துத்தநாகக் கட்டியைத் திருகினார். வந்தது கட்டியில்லை. மஞ்சளாக, தேயாமல் கொள்ளாமல், பித்தளை போல்ட் ஒன்று வந்தது. தலையில் இரண்டு புள்ளி. தான் கடைந்ததில் எல்லாம் அவர் குத்துகிற புள்ளி.

விட்ஸ்கோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த இஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றது. பெரிய காற்று நாள். லோவ்ரேயும் அவர் தம்பி யெர்கோவும் பிழைத்து வந்ததே பெரும்பாடு. துறையில் விட்ஸ்கோ ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் இருந்தது. ஆயில் ஊற்றும் மூடி கைக்கு லேசாகத் திரும்பியது. அது போதும் அவருக்கு. எட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்க, "மூடிய இறுக்காம விட்டிருக்கான். அலைத்தண்ணி உள்ள போயிடுச்சு" என்று தீர்ப்பு சொன்னார். கடைசியாக ஆயில் ஊற்றியவன் யெர்கோ. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டு வந்திருந்தான். "இறுக்கினேன்" என்று இரண்டு தடவை சொன்னான். யார் கேட்டார்கள்? என்னைக் கொல்லப் பார்த்தாயே என்று லோவ்ரே அவன் பையைத் துறையில் தூக்கி எறிந்தார். யெர்கோ ரியேகா நகரத்துக்குப் போய் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கூலர் பொத்துவிட்டால், இஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே போகும், நின்றால் கடல் உள்ளே வரும். மூடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கே கூலரைக் கழற்றியிருந்தால் அரைமணி நேரத்து வேலை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக வந்தது.

மனைவி பெரினா கீரையும் உருளைக்கிழங்கும் பொரித்த மத்தி மீனும் கொண்டு வந்தாள். அவர் தட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் போல்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"போய்ச் சொல்லு."

"சொன்னா ஊருல என் பேரு நாறிடும்."

"சொல்லலன்னா ராத்திரியெல்லாம் நீ புரண்டு புரண்டு படுப்பே. எனக்கும் தூக்கம் போகும். உன் பேருக்காக நான் எதுக்கு முழிச்சிருக்கணும்? சாப்பிடு, ஆறிப்போகுது."

அவர் சாப்பிடவில்லை. லோவ்ரேயைத் தேடித் துறைக்குப் போனார். படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவரிடம் போல்ட்டைக் கொடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். லோவ்ரே போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடைச்சு மாட்டிடு" என்றார் கடைசியில்.

"எத?"

"கூலரத்தான். புதுசா துத்தநாகத்தப் போடு. இத நீயும் பாக்கல, நானும் பாக்கல."

"அப்ப யெர்கோ?"

"ஆறு வருஷம் ஆச்சுடா. அம்மா செத்தன்னைக்குக்கூட அவன் கையப் பிடிக்கல நான். இப்ப போயி, தப்பு உன் மேல இல்ல, விட்ஸ்கோவோட போல்ட்டு மேலன்னு சொல்லவா? அவன் மூஞ்சிய எப்படிடா பாப்பேன்?"

"நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

"சொல்லிக்கோ. அதுக்கப்புறம் இந்தப் படகுல கால வைக்காதே. அன்னைக்கு வாயத் தொறந்தது நீதான்."

அது உண்மைதான். விட்ஸ்கோ பட்டறைக்குப் போய், பொத்துப்போன இரண்டு குழாய்களையும் இரு முனையிலும் வெள்ளிப் பற்று வைத்து அடைத்தார். மிச்சக் குழாய்கள் தாங்கும். மறுபடி தொட்டியில் அமுக்கினார், ஒரு குமிழி இல்லை. துத்தநாகத்தைத் திருகினார். மறுநாள் மாட்டி அரைமணி நேரம் ஓட்டியதில் தண்ணீர் சுத்தமாக விழுந்தது. லோவ்ரே நன்றி சொல்லவில்லை. விட்ஸ்கோ தன் கருவிப்பெட்டியோடு துறையில் ஏறியதும் லோவ்ரே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

யெர்கோவின் நம்பர் பெரினாவிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் அவனிடம் பேசுவாளாம். இத்தனை வருஷமும் விட்ஸ்கோவிடம் சொன்னதில்லை. விட்ஸ்கோ துறையிலேயே நின்று கூப்பிட்டார்.

"விட்ஸ்கோ அண்ணனா? யாரு செத்தது?" என்றான் யெர்கோ பேரைக் கேட்டதும்.

"யாரும் சாகல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேலைய விட்டுட்டுக் கேளு."

சொன்னார். போர்க்காலம், போல்ட், கூலர், அன்று தான் திறந்து பார்க்காதது, பிறகும் வாயைத் திறக்காதது. அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

உன்னை வரச் சொன்னான் என்று விட்ஸ்கோவுக்குப் பொய் ஒன்று நுனிநாக்கு வரை வந்தது. "உனக்குன்னு ஒண்ணும் சொல்லல. படக எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

பீப் சத்தம் நின்றது. யெர்கோ சாதாரணக் குரலில்தான் பேசினான்.

"மொத வருஷம் நான் இறுக்கினேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன் அண்ணே. அப்புறம் யோசிச்சேன். விட்ஸ்கோ அண்ணன் சொன்னா தப்பா இருக்காதே, நான்தான் மறந்திருப்பேன்னு. அப்படியே நம்பிட்டேன். இங்க வீட்டுக் கதவப் பூட்டினேனான்னு பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போய்ப் பாக்குறேன். கேஸ மூடினேனான்னு பாக்குறேன். எம் பொண்டாட்டி சிரிப்பா. இன்னைக்குக் காலையிலகூட மூணு தடவ போய்ப் பாத்துட்டு வந்தேன்."