அழுக்கு ஸ்பாஞ்ச்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவருக்குப் ‘பளிச்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ரத்தமும் மருந்தும் படிந்து வரும் விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு, பிளீச்சில் ஊறவைத்து, கொக்கு வெள்ளையாக வெளியே எடுப்பார். ஓரத்தில் லேசாகப் பழுப்பு தெரிந்தாலும் மறுபடி உள்ளே தள்ளிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் கப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கழுவிவிடுவார். “நல்ல வேளை, என்னைப் பிடிச்சு ஊறவைக்காம விட்டாரே” என்பாள் மனைவி.

அந்த மனைவி முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் விழுந்தாள். தானே புரண்டு படுக்க வேண்டும், மெல்ல எழுந்து உட்கார வேண்டும், அப்போதுதான் நடை திரும்பும் என்றார் டாக்டர். அவளோ வலிக்குப் பயந்து சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். வாயைத் திறந்தால் வீட்டை இரண்டாக்குகிறவள் ‘ம்’ கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். பளிச்சுக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. “திட்டவாவது செய்யேன்” என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

அதனால்தான் மீன்தொட்டி வந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம், அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தார். தங்கமீன்களைப் பார்க்க வேண்டுமானால் அவள் புரண்டாக வேண்டும். இப்படி ஒரு தந்திரம் தனக்குத் தோன்றியதில் அவருக்கே ஆச்சரியம்.

வடிகட்டிக்குள் எதைப் போடுவது என்பதற்குக் கடைக்காரர் ஒரு பாடமே நடத்தினார். பீங்கான் வளையம், எரிமலைக் கல், பிளாஸ்டிக் உருண்டை, முரட்டு ஸ்பாஞ்ச் என்று மேசையில் பரப்பி வைத்தார்.

“கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க இதுல குடியேறும் சார். மீன் கழிவுல வர்ற விஷத்தை அதுங்கதான் முறிக்கும். ஓட்டை அதிகமா இருந்தா அதுங்களுக்கு வீடு அதிகம், அவ்வளவுதான் கணக்கு.”

கிருமியில் நல்லது வேறு உண்டா என்று பளிச் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இருப்பதிலேயே வெள்ளையாக இருந்த பீங்கான் வளையங்களைக் காட்டி, “இதையே குடுங்க” என்றார். எடுத்த பொருள் நல்ல பொருள்தான். எடுத்த காரணம்தான் கோணல்.

தொட்டி தன் வேலையைச் செய்தது. மனைவி முதலில் கழுத்தைத் திருப்பினாள். அப்புறம் தோளை. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாகப் புரண்டாள். பெருவயிற்று மீன் ஒன்று மற்ற மீன்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தாள்.

“பாருங்க, மருமகளுங்களை எல்லாம் மூலையில நிறுத்திட்டு தான் மட்டும் தின்னுது. அப்படியே உங்கம்மா!”

வேறு சமயமாக இருந்தால் இதற்கு ஒரு வாரச் சண்டை உறுதி. அன்று பளிச்சுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதமே அவள் தலையணையில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு விடுமுறை நாளில் பளிச் வடிகட்டியைத் திறந்து பார்த்தார். வளையங்கள் பழுப்பேறி வழவழவென்று இருந்தன. அந்தக் கை சும்மா இருக்குமா? கொதிக்கவைத்தார், பிளீச்சில் ஊறவைத்தார், வாடையே இல்லாமல் அலசினார். போதாக்குறைக்குத் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களையும் விடவில்லை. சலவை என்ற அளவில் அதில் ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது. மீன்களை இத்தனை நாள் காப்பாற்றி வந்த அந்த நல்ல கிருமிகளை மொத்தமாக அவித்துக் கொன்றிருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு செத்து மிதந்தன. மாமியார் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டும் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரியும். கூப்பிடத்தான் முகமில்லை. மனைவியின் தம்பி கார் மெக்கானிக், வருஷக்கணக்காக மீன் வளர்க்கிறவன். “மாப்ள, இது தொட்டியா, சாக்கடையா?” என்று அவன் வீட்டிலேயே, நாலு பேர் முன்னால் கேட்டவர் இவர்தான். இருந்தாலும் போனை எடுத்தார். மீன் கதையைச் சொன்னார், அக்கா திரும்பிப் படுத்ததையும் சொன்னார்.

“வளையத்தை என்ன பண்ணீங்க மாமா?”

“கழுவினேன்.”

“தொட்டித் தண்ணியிலயா?”

“கொதிக்கிற தண்ணியில. பிளீச் போட்டு.”

மறுமுனையில் அவன் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது.

“ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிட்டீங்களே மாமா! மீனுக்குத் தீனி போடாதீங்க. இப்பவே கொஞ்சம் தண்ணியை மாத்துங்க, குளோரினை முறிக்கிற மருந்து விட மறந்துடாதீங்க. இதோ வந்துட்டேன்.”

வேலை உடுப்போடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள், அவன் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு ஸ்பாஞ்ச் மிதந்தது. அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. தொட்டால் கொழகொழவென்று கையில் ஒட்டியது.

“பாதியை வெட்டி எடுத்துட்டு வந்தேன் மாமா. இதுல இருக்கறவங்க பெருகி, உங்க வளையத்துக்கும் மெதுவாக் குடிபோயிடுவாங்க.”

“லேசா ஒரு தடவை அலசிட்டு...”

“மாமா!”

பளிச் ஆயுசில் முதல் தடவையாக ஒரு அழுக்கை இரண்டு கையிலும் ஏந்தி, சிந்தாமல் கொண்டுபோய், தன் வடிகட்டிக்குள் வைத்தார்.

அதற்கப்புறம் தினமும் தண்ணீர் மாற்றினார். மாமியார் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்று சில நாள் இழுத்தது. ஒரு காலையில் அவர் அடுப்படியில் நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்னங்க, கிழவி மறுபடி அதிகாரம் பண்றா, வந்து பாருங்க!”

எட்டிப் பார்த்தார். அவள் தானாகவே புரண்டு, தொட்டியைப் பார்த்துப் படுத்திருந்தாள். பளிச் அடுப்படிக்கே திரும்பி வந்து, கழுவிய கப்பையே மறுபடி கழுவிக்கொண்டு அழுதார். அந்தக் கொழகொழப்புக்குக் கோயில் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

நடக்கத் தொடங்கியதும் மனைவி முதலில் போக வேண்டும் என்றது தம்பி வீட்டுக்குத்தான். இவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தம்பி வாளியும் கையுமாகத் தன் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, இத்தனை நாளாக இதே பாடு என்று அவன் பெண்டாட்டி அலுத்துக்கொண்டாள். அக்கா வடிகட்டியை எட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்தது நிறம்கூடச் சரியாக மாறாத புது ஸ்பாஞ்ச், முழுசாக.

“ஏண்டா, பாதிதான் குடுத்தேன்னே? இங்க பழசு ஒரு துண்டுகூட இல்லையே!”

அவன் தலையைச் சொறிந்தான்.

“பாதி பத்தாதுன்னு தோணிச்சுக்கா. நீ சுவத்தைப் பாத்துப் படுத்துட்டேன்னு மாமா சொன்னாரு.”

“மாப்ள, இதுக்கு நான் உனக்கு என்ன செய்யப் போறேன்?” என்றார்.

“ஒண்ணும் செய்ய வேணாம் மாமா. நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள், பளிச்சும்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை அவன் கையிலிருந்து வாங்கினார். அன்றைய மீதித் தண்ணீரை அவர் மாற்ற, “பாத்து ஊத்துங்க, மீனுங்க பயப்படுது” என்று மனைவி அதட்டிக்கொண்டே இருந்தாள். எதையும் பிடிக்காமல், நின்றுகொண்டு.