ஓடிடும் என்றால் எதுவரைக்கும்

அந்த வருஷம் முழுக்க நான் குரல்களுக்குள் குடியிருந்தேன். காதில் ஹெட்போன், எதிரே கணினி, ஜன்னலுக்கு வெளியே துறையூர் ரோட்டில் மக்காச்சோளம் ஏற்றிப் போகும் டிராக்டர்கள். காதுக்குள் மட்டும் அரியலூர். கிரஷர் கல்லை மெல்லும் சத்தம், சிமெண்ட் லாரியின் ஹாரன், எங்கோ ஒரு மயில். அதற்கு நடுவே ஒரு ஃபிட்டர் மூச்சு வாங்கச் சொல்வார்: "மூணாவது பெல்ட்டு கியர்பாக்ஸு ஆயில் சீல் மாத்தியாச்சு. பேரிங்கு லேசா பாடுது. ஓடிடும்."

எங்கள் கம்பெனி சின்னது. சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கல்லைச் சுமந்து போகும் பெல்ட்டுகள் உண்டு. அவற்றை இழுக்கும் கியர்பாக்ஸ்களைப் பழுதுபார்ப்பது தொழில். ஆபீஸ் பெரம்பலூரில், ஷெட் அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். நான் கொட்டேஷன் எழுதுகிறவன். முதலாளி லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இதைத் தொடங்கியவர். எல்லோருக்கும் அவர் பாய்.

கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்தது. கையெல்லாம் கிரீஸாக இருப்பவர்கள் எழுத மாட்டார்கள், பேசி அனுப்பிவிடுவார்கள். எந்தச் சைட்டில் எந்த கியர்பாக்ஸுக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வருஷக்கணக்காகக் குரலாகவே குவிந்திருந்தது, களத்தில் தூற்றாமல் விட்ட நெல் மாதிரி. ஷெட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சவூதிக்குப் போனபோதுதான் பாய்க்கு உறைத்தது. எது எங்கே இருக்கிறது என்பது அவரோடு விமானம் ஏறிவிட்டது. "இனிமே எவன் தலையிலயும் கம்பெனி குந்தியிருக்கக் கூடாது" என்றார் பாய். மாதச் சந்தா கட்டி ஒரு ஏ.ஐ. செயலி வந்தது. குரல்களை உள்ளே கொட்டினால் எழுத்தாக்கும், சைட் வாரியாகப் பிரிக்கும், தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். கொட்டுகிற வேலை எனக்கு வந்தது.

அதே மாதம் அரியலூர் ஷெட்டின் பொறுப்பு, எங்கள் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்த இன்ஜினியர் பெண்ணுக்கு வந்தது. வரதராஜன்பேட்டைப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். மெக்கானிக்கல் படித்துவிட்டு, வருகிற அழைப்பையெல்லாம் ஆண்களுக்கு மாற்றிவிடும் நாற்காலியில் அத்தனை காலம் உட்கார்ந்திருந்தார். பாய் கெடு வைத்தார்: "தீபாவளி வரைக்கும் பாரு தங்கச்சி. சரியா வரலன்னா நம்ம ஆபீஸு போன் இருக்கவே இருக்கு." பிரியமாகத்தான் சொன்னார். அன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கம்பியைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "நான் அந்தப் போனுக்குத் திரும்ப மாட்டேண்ணே." குரல் உயரவில்லை. 

ஷெட்டில் அவரை யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. நடத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எந்த மிஷினைப் பற்றிக் கேட்டாலும், "நீங்க ஏன்ம்மா கவலப்படுறீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே அவருக்கு அந்தச் செயலிதான் வழி. அது டீ வாங்கித் தராது. கேட்டதற்குப் பதில் சொல்லும்.

முதலில் நன்றாகத்தான் போனது. பாய் ஒரு குவாரிக்கு, "வியாழக்கிழம வந்துடுவோம், இன்ஷா அல்லா" என்று பேசியதை, "வியாழக்கிழமை வருகிறோம்" என்று அது பதிந்துவைத்தது. "ரெண்டு வார்த்தைய முழுங்கிட்டு என்னய வாக்குக் குடுக்க வெச்சிருச்சே" என்று பாய் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

பிறகுதான் அந்த மூணாவது பெல்ட். குவாரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்திப் பராமரிப்பு பார்க்கப் போகிறோம், அந்த கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். இவர் செயலியைக் கேட்டார். 'நல்ல நிலையில் ஓடுகிறது, மாற்றம் தேவையில்லை' என்று அது சொன்னது. இவர் அதையே சொன்னார். அந்த வாரத்திலேயே கியர்பாக்ஸ் இறுகிப்போய், கல்லைச் சுமந்தபடி பெல்ட் அப்படியே நின்றது. குவாரி மேனேஜர் இவரை அழைக்கவே இல்லை. நேரே பாயிடம் போனார். போன் போடவும் எடுக்கவும்தான் அந்தப் பொண்ணு லாயக்கு, ஷெட்டை ஏன் அவள் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டாராம்.

அரியலூர் ஷெட்டுக்குப் பாயின் காரில் நானும் போனேன். ரோட்டோரத்துக் கருவேல மரங்களெல்லாம் வெள்ளைப் பொடி பூசி நின்றன. 

அந்த மூணாவது பெல்ட்டைப் பற்றிப் பேசி அனுப்பியவர் மூத்த ஃபிட்டர், கீழப்பழுவூர்க்காரர். ஸ்குரூடிரைவரின் நுனியை கியர்பாக்ஸில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து உள்ளே நடப்பதைக் கேட்கிறவர். அன்றைக்கு அவருக்கும் கோபம். "நான் எங்கங்க நல்லா இருக்குன்னு சொன்னேன்? ஓடிடும்னுதானே சொன்னேன்?"

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஓடும்னா ஓடும்மா. ஓடிடும்னா..." கையை ஒரு சுற்று சுற்றினார். "ஓடிடும். அவ்வளவுதான்."

மற்ற ஃபிட்டர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது விளக்கம். பாய்க்கும் விளங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்தப் பேச்சில் முழுகிக் கிடக்கும் எனக்கும் விளங்கிவிட்டது. இன்னும் வராத பஸ்ஸைத்தான் நாம் 'வந்துடும்' என்கிறோம். காய்ச்சலில் கிடப்பவரிடம்தான் 'சரியாயிடும்' என்கிறோம். கூரைக்கு மேலே மேகம் திரளும்போது 'தாங்கிடும்' என்கிறோம். அந்த ஒற்றை 'இடும்'-இல் ஆறுதல் மேலே இருக்கிறது, பயம் அடியில் இருக்கிறது. செயலி மேலாக மொண்டுகொண்டு போய், 'ஓடிடும்' என்பதை 'ஓடும்' ஆக்கி, 'ஓடும்' என்பதை 'நல்ல நிலை' ஆக்கிவிட்டது.

பாய் சொன்னார், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று. செயலி வேண்டாம். ஷெட்டைப் பழையபடி ஃபிட்டர் அண்ணனே பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் நகரவில்லை. "அது பொய் சொல்லல பாய். நம்ம சொன்னதுல பாதிய எடுத்துக்கிச்சு. ஏன்னா நாமளே பாதிதான் சொல்றோம்." பாயை நேராகப் பார்த்தார். "தீபாவளி வரைக்கும்னு சொன்னீங்க. தீபாவளி இன்னும் வரல."

பாய் ஷெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு காரில் ஏறினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

மறுநாளே உட்கார்ந்தோம். 'ஓடிடும்' என்று வந்தால் 'கவனிக்கவும்' என்று எடுத்துக்கொள் என நான் செயலிக்குச் சொல்லிவைத்தேன். பதிலைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது: அரியலூர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் பூராவும் கவனிக்க வேண்டியதாக இருந்தது. எல்லாமே ஓடிடும்தான். எல்லாவற்றையும் திறக்கச் சொன்னால் எவன் திறப்பான்? நான் வார்த்தையைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பெண்தான் என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். "அர்த்தத்த நாம சொல்ல வேணாம்ணே. சொன்னவங்களயே கேட்டுடலாம்."

அதிலிருந்து 'ஓடிடும்', 'தாங்கிடும்', 'பாத்துக்கலாம்' என்று குரூப்பில் எந்தக் குரல் வந்தாலும், செயலி அதே இடத்தில் ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பியது: 'எதுவரைக்கும்?' பதில் வராமல் அந்தச் சேதியை அது பதிந்துகொள்ளாது.

ஃபிட்டர்கள் அதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடினார்கள். ஒருவர் 'என் கல்யாணம் வரைக்கும்' என்று அனுப்பினார். 'அப்ப மிஷினு சாகாவரம் வாங்கிருச்சு' என்று இன்னொருவர். "சும்மா நோண்டிக்கிட்டே இருக்கே, மாமியாரா இது?" என்று யாரோ பேசி அனுப்ப, அன்றிலிருந்து அதன் பெயரே மாமியார். பெயர் ஒட்டியது, பதில்தான் வரவில்லை.

அந்தப் பெண் மிரட்டவில்லை, பாயிடம் புகார் சொல்லவுமில்லை. மூத்த ஃபிட்டரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டார். ஃபிட்டர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"நாளு சொன்னா, அந்த நாளு என் தலையில வுழும்மா. முந்தி நின்னாலும் நான்தான், பிந்தி நின்னாலும் நான்தான். ஓடிடும்னு சொன்னா யாரு தலையிலயும் வுழாது."

நான் மாதக்கணக்கில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டதில் இது இல்லவே இல்லை. இவர் கிளாஸை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே பெரம்பலூர் வந்தார், பாயின் முன்னால் நின்றார். நாள் சொன்னவர்களை அந்த நாள் தப்பிப்போனால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அதை நீங்கள் சொல்ல வேண்டும், நான் சொன்னால் ஏறாது என்றார். பாய் வியாபாரி. தப்பு நடந்தால் ஆள் யாரென்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். "ஆளு தெரியணுமா, மிஷினு தெரியணுமா?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.  பாய் போனை எடுத்து குரூப்பில் பேசினார்: தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள், கணக்குத் தப்பினால் உங்களைக் கேட்க மாட்டேன், "எதுன்னாலும் நான் பாத்துக்கறேன்."

உடனே மாமியார் கேட்டது: 'எதுவரைக்கும்?'

 பாய் திரையைப் பார்த்தார், என்னை முறைத்தார், பிறகு போனை வாயருகே கொண்டுபோனார். "நான் இருக்குற வரைக்கும்."

அதன்பிறகு பதில்கள் வரத் தொடங்கின. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு, கம்மங்கொல்லையில் காற்று நுழைந்த மாதிரி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. 'மழை வரைக்கும்.' 'ஆயில் கருக்காத வரைக்கும்.' 'தெரியாது, தொறந்து பாத்தாத்தான் தெரியும்.' இந்தக் கடைசிப் பதிலை எங்கள் கம்பெனியில் அதற்கு முன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பெண் அதைத்தான் முதலில் தேடிப் படிப்பார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அதே குவாரி மேனேஜர் அழைத்தார். ஆர்டர் குவிந்திருக்கிறது, பெரிய பெல்ட்டை ராப்பகலாக ஓட்டப் போகிறோம், தாங்குமா என்றார். ஷெட்டில் நானும் இருந்தேன். இவர் செயலியைக் கேட்டார். மூத்த ஃபிட்டரின் குரல் எழுத்தாக வந்தது: இப்போது ஓடுகிற லோடுக்குத் தீபாவளியைத் தாண்டும். டபுள் ஷிஃப்ட் என்றால் தாண்டாது.

இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். ராப்பகலாக ஓட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நிறுத்துங்கள், பேரிங்கை மாற்றிக் கொடுத்துவிடுகிறோம் என்றார்.

"போன தடவ தொறக்க வேணாம்னீங்க. இந்தத் தடவ நிறுத்தச் சொல்றீங்க. எதம்மா நம்புறது?"

"போன தடவ எனக்குப் பாதிப் பதில்தான் கெடச்சுது சார். இப்ப முழுசா கெடச்சிருக்கு. நிறுத்துங்க."

மேனேஜர் போனை வைத்துவிட்டு, எதிர்பார்த்தபடியே பாயை அழைத்தார். பாய் என்ன சொன்னார் என்பதை மேனேஜரே மறுபடி அழைத்து ஒப்பித்தார், கொஞ்சம் சலிப்போடு. "ஷெட்டுக்கு அவங்கதான் பொறுப்பு, அவங்க சொல்றதுதான்னு சொல்லிட்டாரு." தங்கச்சி இல்லை, அந்தப் பொண்ணு இல்லை. அவங்க. இவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. லாரிக்குச் சொல்லி அனுப்பினார், பேரிங்கை ஸ்டோரிலிருந்து எடுத்துவைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் நின்றபோது குவாரி முழுக்க ஒரு அமைதி இறங்கியது. பேரிங் வெளியே வந்தது. ஃபிட்டர் துணியால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டியிருந்தால் ஓடியும் இருக்கலாம், நின்றும் இருக்கலாம் என்றார். அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கு அது தேவையாகவும் இல்லை. போனை ஆன் செய்து, கிரீஸ் படாமல் ஃபிட்டரின் வாய்க்கு நேரே பிடித்தார்.

"என்ன பாக்குறீங்களோ அதச் சொல்லுங்கண்ணே."

ஃபிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உள்வளையத்தில் நீளமாக ஒரு கீறல், ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாரித்திருக்கிறது, கிரீஸில் பொடி கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மேனேஜர் நிழலிலிருந்து எழுந்து வந்தார். ஃபிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இவர் பக்கம் திரும்பி எப்போது ஓட்டலாம் என்று கேட்டார்.

"மூடிப் பாத்துட்டு நான் சொல்றேன் சார்" என்றார் இவர், போனை நகர்த்தாமல். "அதுவரைக்கும் யாரும் சுவிட்சத் தொடாதீங்க."