டோர்ட்டியா ஆலையில் ஒரு சார்ஜென்ட்

ஒராலியா சித்தி இருபத்தோரு வருடம் விமானப்படையில் இருந்தார். அங்கே என்ன செய்தார் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. சங்கேத மொழி சம்பந்தப்பட்ட வேலை என்பது மட்டும் தெரியும். அதுவும் ஓய்வு பெற்ற அன்று கர்னல் படித்த வாழ்த்து மடலிலிருந்துதான்.

நாச்சோ சித்தப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்கு இதில் தீராத குறை. "என் பஸ்ல ஏறுற ஆளுங்க மூணு ஸ்டாப்புக்குள்ள மாமியார் சண்டை வரைக்கும் சொல்லிட்டு இறங்குறாங்க. இந்தக் கிழவி பதினெட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல" என்பார்.

இரண்டரை வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மார்ச் மாதம் நான் எங்கள் ஊரான சான் அன்டோனியோவுக்குத் திரும்பினேன். ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லி அவர்கள் வீட்டுப் பின்னறையில் பையை வைத்தேன். அப்போது சித்தி ஓய்வு பெற்று நான்கு மாதம். ஆறு நேர்காணல்களில் தோற்றிருந்தார்.

இது நடக்கக் கூடாத விஷயம். விமானப்படைத் தளங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவராவது சீருடையைக் கழற்றிய கையோடு ஏதாவது கம்பெனியில் கணினிப் பாதுகாப்புக்குப் போயிருப்பார். ஆனால் சித்தி தன் வேலை விவரக் குறிப்பை விதிப்படி பழைய அலுவலகத்தின் பார்வைக்கு அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம் போனது. ஐந்து வாரம் கழித்து அரைப் பக்கமாகத் திரும்பி வந்தது. மிஞ்சிய வரிகளில் மிகவும் பரபரப்பானது 'தகவல்களை ஆய்வு செய்தார்' என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேசையில் பார்பகோவா இறைச்சி ஆவி பறக்கும்போது, நான் கம்பெனி அதிகாரியாக உட்கார்ந்து சித்திக்குப் பயிற்சி கொடுத்தேன்.

"உங்க வாழ்க்கையில பெரிய சாதனைன்னு எதைச் சொல்வீங்க?"

"சொல்ல முடியாது."

"சரி, ஒரு கஷ்டமான பிரச்சினையை எப்படித் தீர்த்தீங்க?"

"தீர்த்தேன்."

"எப்படி?"

"நல்லா."

சித்தப்பா வாயில் வைத்த இறைச்சி புரையேறச் சிரித்தார். "வேலை குடுத்துரு பொண்ணே, இவ வாயைத் திறந்து இவ்வளவு பேசுனதே பெருசு."

கடைசியில் வேலை கொடுத்தது, நகரின் தெற்கே டோர்ட்டியா என்ற சோள ரொட்டி சுடும் ஓர் ஆலை. அங்கே கணினிப் பிரிவின் தலைவி லெட்டிசியா பெனவீதஸ். முப்பத்து மூன்று வயது, வேகமான நடை, எப்போதும் கையில் ஐஸ் தேநீர். அவர் சாதனை பற்றியெல்லாம் கேட்கவில்லை. ஆலைக் கணினிகளின் ஒரு வாரப் பதிவுகளைத் தாள் கட்டாக முன்னே போட்டு, "இதுல என்ன தப்பு?" என்றார். சித்தி நாற்பது நிமிடம் தலை நிமிராமல் படித்தார். "உங்க கணக்குப் பிரிவுல ஒருத்தரோட கடவுச்சொல்லை நாலு பேர் பயன்படுத்துறாங்க. தட்டுற பிழைகளைப் பார்த்தா அதுல ஒருத்தர் இடதுகைக்காரரா இருக்கணும்" என்றார். இருவர் இடதுகைக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு தவறைச் சித்தி இன்றும் மறக்கவில்லை. தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அது முடியும்போது லெட்டிசியா கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம்.

அடுத்த பயணத்துக்குக் காசு வேண்டியிருந்ததால் நானும் அதே ஆலையில் பொட்டலம் கட்டப் போனேன். அதனால் இனி வருவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

முதல் வாரம் சித்தி, பழைய அலுவலக விதிப்படியே, தினமும் தன் கைபேசியை அறைக்கு வெளியே சாப்பாட்டுப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போனார். சோள மூட்டை ரசீதோடு யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நின்று, "வெளி ஆள்!" என்று குரல் கொடுத்து, மேசைத் தாள்களை எல்லாம் கவிழ்த்தார். வேலை முடிந்ததும் கிடைத்த காகிதங்களையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். அதில் மாவு பிசையும் பிரிவின் பெர்த்தாவுக்குப் பிறந்தநாள் கேக் வாங்க எழுதிவைத்த பெயர்ப் பட்டியலும் போனது.

"சார்ஜென்ட், என் வயசு அவ்வளவு பெரிய ராணுவ ரகசியமா?" என்று பெர்த்தா கேட்டார். அன்றிலிருந்து ஆலை முழுக்கச் சித்திக்குப் பெயர் சார்ஜென்ட்தான்.

லெட்டிசியாவுக்கு ஒரே ஒரு புகார். "என்னைய மேடம்னு கூப்பிடாதீங்க. எங்கம்மா திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கு."

"சரி, மேடம்."

அறுபத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தார். புதன்கிழமையும் அதே பாட்டு. என்ன சந்தோஷம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பழைய வேலையில எப்பவாவது இப்படித்தான் வருவா. ஏதோ பெருசா மாட்டியிருக்கு" என்றார்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு டோர்ட்டியா சுடும் மூன்றாம் லைனின் கட்டுப்பாட்டுத் திரை உறைந்தது. அடுப்புக்குள் ஓடும் பட்டை நின்றது. உள்ளே இருந்த டோர்ட்டியாக்கள் கருகிப் புகை கிளம்பியது. பிசைந்த மாவு தொட்டியில் இறுக ஆரம்பித்தது. ஆட்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் கணினி அறைக்கு ஓடினேன். அங்கே லெட்டிசியா திரையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அடுப்புப் பராமரிப்புக்காரங்க கடவுச்சொல்லை வச்சு எவனோ நம்ம கணினிக்குள்ள வந்திருக்கான். எப்ப வந்தான்னு தெரியல."

"செவ்வாய்க்கிழமை ஒன்பதே கால்" என்றார் சித்தி.

லெட்டிசியா தேநீரைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், மேடம்."

"ரெண்டு நாளாத் தெரியுமா! ஏன் சொல்லல?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சித்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். முப்பத்தொரு பக்கம். அவன் எந்த நேரம் வருகிறான், எந்தெந்தக் கணினியில் ஒளிந்திருக்கிறான், எந்தச் சொல்லை எப்போதும் தப்பாகத் தட்டுகிறான், எல்லாம் இருந்தது. எதிராளி பேசும் கம்பி கையில் கிடைத்தால் அதை அறுக்கக் கூடாது, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் காதை வைத்துக் கேட்க வேண்டும். இருபத்தோரு வருடம் சித்தி சம்பளம் வாங்கியது அதற்குத்தான்.

"அவன் யாருகூடப் பேசுறான்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகணும்?" லெட்டிசியாவின் குரல் உடைந்தது. "நாம டோர்ட்டியா சுடுறோம், ஒராலியா! கதவைச் சாத்தணும், அவ்வளவுதான்!"

அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாலைக்குள் அவனை எல்லாப் பொந்துகளிலிருந்தும் துரத்தினார்கள். ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டிய வேலை. முடிந்ததும் லெட்டிசியா கதவைச் சாத்தி, என்னை வெளியே போகச் சொல்ல மறந்து, சித்தியிடம் பேசினார்.

"உங்களை மாதிரி கண்ணு எனக்குக் கிடைக்காது. ஆனா பார்த்ததை மறைக்கிற ஆளை அந்தத் திரை முன்னாடி உட்கார வைக்க என்னால முடியாது. நாளைக்குப் பெல்ட்டுக்கு வாங்க. வந்து சொன்னா, தொண்ணூறாம் நாள் கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா நாளையோட சரி."

பெல்ட் என்றால், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆறவைக்கும் பட்டையின் கடைசியில் எல்லோரும் கூடி நிற்பது. அடுப்புகள் உள்ள இடத்தில் மறைத்த தவறு ஆளைச் சுட்டுவிடும் என்பதால் வந்த பழைய வழக்கம் அது. தவறு யார் கையால் நடந்ததோ அவரே அதைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கலாம், திட்டக் கூடாது. சொல்லி முடித்தவருக்கு வெண்ணெயும் உப்பும் தடவிய சூடான டோர்ட்டியா ஒன்று கிடைக்கும்.

வீட்டில் சித்தி சாப்பிடவில்லை. "எண்பது பேர் முன்னாடியா?"

"போருக்கே போனவதானே கிழவி?"

"போருல யாரும் என்னைப் பேசச் சொல்லல, நாச்சோ."

மறுநாள் மூன்று மணிக்குச் சித்தி பெல்ட்டுக்கு வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, விறைப்பாக நின்றார்.

"ஒரு நடமாட்டம் கவனிக்கப்பட்டது" என்றார். அத்தோடு நின்றுவிட்டது. பட்டை மட்டும் கடகடவென்று ஓடியது. லெட்டிசியா தரையைப் பார்த்தார்.

"யாரு கவனிச்சது, சார்ஜென்ட்?" என்றார் பெர்த்தா.

"நான்."

"என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"அவன் எப்படிப்பட்டவன்?"

சித்தி யோசித்தார். "சோம்பேறி. பன்னெண்டு மணிக்குச் சாப்பிடப் போனா ஒன்றரைக்குத்தான் வருவான். அதுவரைக்கும் இன்னொருத்தன் உட்காருவான். அவன் கெட்டிக்காரன், ஆனா இவனைக் கண்டா அவனுக்குப் பயம்."

"கல்யாணம் ஆனவனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். கைகள் முதுகிலிருந்து முன்னுக்கு வந்தன.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அவன் எந்தக் கதவால் வந்தான், எங்கே தடுக்கி விழுந்தான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கடைசியில் குரல் தணிந்தது. "என் பழைய வேலையில கம்பிக்கு இந்தப் பக்கம் யாரும் இல்ல, நான் மட்டும்தான். இங்க நீங்க எல்லாம் இருக்கீங்கன்னு எனக்குத் தோணல. அன்னைக்கே சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருக்கலாம். மூணாவது லைன் நின்னது என்னாலதான்."

"சரி, விடுங்க. சாப்பிடுங்க" என்று பெர்த்தா டோர்ட்டியாவை நீட்டினார். சித்தி அதை வாங்கிக்கொண்டு, "இன்னும் ஒண்ணு சொல்லணும், அவன் ரெண்டாம் நாள் என்ன பண்ணான்னா..." என்று ஆரம்பித்தார்.

"போதும், ஒராலியா! அடுப்பு காயுது!" என்றார் லெட்டிசியா.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சித்தி வேகமாக உள்ளே வந்து, மூடியிருந்த ஒரு கதவைத் தட்டினார்.

"மேடம்! கிடங்குல ஒரு கணினி வெளியே எங்கேயோ பேசுது. இப்பத்தான் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் ஆகுது. அதைத் துண்டிச்சிட்டேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து லெட்டிசியாவின் குரல் வந்தது.

"அது புது பிரிண்டர், ஒராலியா. மை தீர்ந்தா அதுவே கம்பெனிக்குச் சொல்லும்."

"ஓ."

"பரவாயில்ல. இப்படியே சொல்லுங்க" என்றது குரல். "ஆனா அடுத்த தடவை நான் வெளிய வர்ற வரைக்கும் பொறுக்கலாம். தொண்ணூறாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், அந்தக் கையெழுத்துத் தாளை என் மேசையில எடுத்து வைங்க, வரேன்."